மறு: இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிக்குத் தமிழ்ச்சொல்

ஐயா, வணக்கம்.

> 'நோயெதிர்ப்புத் திசுவேதியியல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் இங்கே தஞ்சாவூரில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால், "யாருடைய நோயெதிர்ப்பைப் பார்க்கிறோம் சார்?" என்கிறார்கள். யாருடையதையும் இல்லை. கணையத்தில் இன்சுலின் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம், தேடிப் பிடிக்க எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் சுரக்கும் புரதம்) ஒரு கருவி. நான் பயன்படுத்துவது கினிப்பன்றியில் உண்டாக்கியது. அதன் இன்சுலின் நம்முடையதிலிருந்து நிறைய வேறுபட்டது என்பதால், நம் இன்சுலினைச் செலுத்தினால் அந்நியம் என்று கண்டு எதிர்ப்பொருளைச் சுரந்துவிடும்.

மெழுகில் பதித்த திசுவை 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஸ்லைடில் ஏற்றி, முதல் எதிர்ப்பொருளை விடுகிறோம். அது இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும், நிறம் வராது. நொதி கட்டிய இரண்டாவது எதிர்ப்பொருள் வந்து முதலாவதைப் பிடிக்கும். அப்புறம், அந்த நொதி பட்டால் நிறம் மாறும் டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளை விட்டால்தான் பழுப்பு. உட்கருக்களுக்கு ஏற்றும் ஹீமடாக்சிலின் சாயத்தின் நீலத்துக்கு நடுவே, இன்சுலின் சுரக்கும் செல்கூட்டங்களான லாங்கர்ஹான் திட்டுகள் பழுப்பாக எழுவது, கொள்ளிடத்தில் வெள்ளம் வடியும்போது மணல்திட்டு தலைகாட்டுவதுபோல இருக்கும். 'திட்டு' என்று பெயர் வைத்தவர் ஆற்றங்கரைக்காரராகத்தான் இருந்திருப்பார்!

ஒருமுறை அவசரத்தில் முதல் எதிர்ப்பொருளை விட மறந்துவிட்டேன். ஸ்லைடு முழுக்க நீலம். சாயம் எல்லாம் இருந்தது, பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் என் பரிந்துரை, 'எதிர்ப்பொருள்வழிச் சாயமிடல்'. 'வழி'யை விட்டுவிட்டால் சாயமே போய் ஒட்டுவதுபோல் ஆகிவிடும். திருபுவனத்துப் பட்டுநூலில் சாயம் நேராக ஏறும், இங்கே அப்படி இல்லை. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளிலேயே கட்டிவிட்டார்கள், அந்த முறைக்கும் இந்தச் சொல் பொருந்தும். தேவைப்பட்டால் முன்னால் 'திசு', 'செல்' சேர்த்துக்கொள்ளலாம்.

முதல், இரண்டாம் என்பதற்குப் பதில் 'பற்றும் எதிர்ப்பொருள்', 'காட்டும் எதிர்ப்பொருள்' என்றால் வேலை விளங்கும். சுருக்குகிறேன் என்று 'காட்டு எதிர்ப்பொருள்' என எழுதிவிடாதீர்கள். ஏற்கெனவே கினிப்பன்றி இருக்கிறது, காட்டுப்பன்றியும் சேர்ந்துவிடும்.

> 'பிறபொருளெதிரி' இருக்கையில் 'எதிர்ப்பொருள்' எதற்கு?

இலங்கை நண்பர் கேட்டது நியாயம். பிறபொருளெதிரி கூர்மையான சொல், கட்டுரைக்கு எனக்கும் சம்மதம். ஆனால் 'பிறபொருளெதிரிவழித் திசுச்சாயமிடல்' என்று ஸ்லைடு ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். 'பிறபொருளெதிரி'யோடு கண்ணாடி முடிந்துவிட்டது.