அறிவியல்நகரில் மின் பொறியியல் முடித்தால் மின்சார சபையா, கட்டாரா?

இரணைமடுத் தம்பி:
யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், அதுதான் எங்கட கிளிநொச்சி அறிவியல்நகரில், இறுதியாண்டு. மின்சார சபைக்கு ஆள் எடுத்தால் போடு என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறா. மச்சான் கட்டாரில் டிசைன் வேலை இருக்கு, வா என்கிறான். என்ன செய்யலாம்?

மாங்குளம் சந்தி:
இதில் யோசிக்க என்ன இருக்கு, கட்டார்தான். இங்கே பாதிநாள் கடிதத்துக்குக் கையெழுத்து, மீதிநாள் "எங்கட ஒழுங்கைக்கு ஏன் கரண்ட் இல்லை" என்ற போன். அதோடு 2024இன் 36ஆம் இலக்கச் சட்டம் சபையையே உற்பத்தி, செலுத்துகை, விநியோகம் என்று பிரிக்கச் சொன்னது. நீ எந்தக் கதிரையில் இருப்பாய் என்று யாருக்குத் தெரியும்?

ஒட்டுசுட்டான் அண்ணை:
கையெழுத்து மட்டும்தான் வேலை என்றால் நான் எப்போதோ வெளிக்கிட்டிருப்பேன். ஐப்பசி இடியில் 33 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். காடு, வயல், குளக்கட்டு என்று போகிற லைனில் பிழை எங்கே என்று லேசில் தெரியாது, பகுதி பகுதியாகப் பிரித்து மின்சாரம் கொடுத்துப் பார்த்துத்தான் கிட்டப் போகலாம். ஒருக்கா விடியப்புறம் மூன்று மணிக்கு டோர்ச் அடித்தால், கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டரில் மயிர் கனத்தில் ஒரு வெடிப்பு, பக்கத்தில் கருகின தடம். லைனை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்து, வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட்ட, அதாவது லைனை நிலத்தோடு இணைத்த பிறகுதான் ஆளை ஏற விட்டேன். ஏன் இரண்டு பக்கமும்? ஊரில் யாராவது ஜெனரேட்டரைப் பிழையாகக் கொழுவியிருந்தால், அந்த 230 வோல்ட் ட்ரான்ஸ்போமருக்குள்ளால் திரும்பி 33,000 ஆக வரும். டிசைன் ஒஃபீஸில் இருந்து இதைப் படிக்கேலாது.

மாங்குளம் சந்தி:
வீரக்கதை நல்லாத்தான் இருக்கு அண்ணை, ஆனால் வீட்டுக் கடனை எர்த் போட்டு அடைக்கேலாதே. கட்டாரில் ஐந்து வருடத்தில் ஒரு சப்ஸ்டேஷன் (துணை மின்நிலையம்) அத்திவாரத்தில் இருந்து எழும்புவதையே பார்த்துவிடுவான்.

பூநகரிக் காற்று:
இரண்டு பேரும் பழைய லைனையே கதைக்கிறீர்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு பட்டதற்கு நாடே இருண்டது நினைவிருக்கா? குரங்கு சாட்டுத்தான். பாவனை குறைந்த ஞாயிறு, கூரை எல்லாம் சூரிய மின்சாரம், சுழலுகிற பெரிய இயந்திரங்கள் குறைவு, அதனால் சடத்துவமும், அதாவது வேகம் சட்டென்று மாறாமல் தாங்குகிற பலமும் குறைவு, 50 ஹேர்ட்ஸ் மீடிறனை (அதிர்வெண்ணை) பிடித்து வைக்க ஆள் இல்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரமும் விழுந்தன. கட்டாருக்குப் பக்கத்து நாடுகளோடு மின் இணைப்பு இருக்கு, எங்கட தீவு தனியே நிற்குது. மன்னாரில் 100 மெகாவாட் காற்றாலை வேறு சுழலுது. மின் பொறியியல் படித்தவனுக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

மாங்குளம் சந்தி:
அந்தக் கணக்கைக் கொழும்பில் நாட்டு மின்கட்டமைப்பை நடத்துகிற சிஸ்டம் கொன்ட்ரோல் பார்க்கும். கிளிநொச்சியில் இருக்கிற பெடியனுக்கு என்ன?

பூநகரிக் காற்று:
சரி, அது நியாயம்தான். ஆனால் லைன் வால் முனையில் மத்தியானம் கூரைச் சோலாரால் வோல்ட்டளவு ஏறும், பின்னேரம் அரிசி ஆலை ஓடினால் இறங்கும். இரண்டு நேரமும் 230க்கு மேலே கீழே 6 சதவீதத்துக்குள் நிற்க வேணும். ட்ரான்ஸ்போமரில் வோல்ட்டளவைக் கூட்டிக் குறைக்கிற டாப்பை ஒன்றுக்காக மாற்றினால் மற்றது கெடும். அது கிளிநொச்சிப் பெடியன்ர தலையிடிதான்.

ஒட்டுசுட்டான் அண்ணை:
தொண்ணூறுகளில் குப்பி விளக்கில் படித்தவன் நான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தபோது ஆச்சி சுவிச்சைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, பகலிலும் நிறுத்த விடவில்லை. தம்பி, சம்பளத்தில் சந்தி சொல்வதுதான் சரி, அதில் நான் வாதாட வரவில்லை.

இரணைமடுத் தம்பி:
அண்ணை, தொழிற்பயிற்சிக்கு உங்களோடு ஒருநாள் வரலாமோ?

ஒட்டுசுட்டான் அண்ணை:
வா. சப்பாத்து முக்கியம், செருப்போடு வந்தால் ஜீப்பில் ஏற்றமாட்டேன்.

மாங்குளம் சந்தி:
பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் போ.