வீட்டு முற்றத்தில் காரின் பெற்றோல் பம்மை மாற்றியவர்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கொக்குவிலிலிருந்து

2022 மார்ச் மாதக் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில், எங்கள் கேஈ 70 கொறோலா வீதியில் நின்றுவிட்டது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு துளியும் வராததால், தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் பம் போய்விட்டது என்று முடிவு செய்தேன். நண்பர் ஒருவர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதிய பம் வாங்கி இரவு பஸ்ஸில் அனுப்பினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, பின்னேரம் ஐந்தரைக்குத்தான் தொடங்கினேன். இரண்டு குழாய்களும் இரண்டு போல்ற்களும்தானே என்று எண்ணியிருந்தேன். ஆனால் முற்றம் முன்பக்கம் சரிவானது; நீண்ட வரிசையில் நின்று நிரப்பிய தாங்கியும் நிறைந்திருந்தது. தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றியதும் பெற்றோல் தானாகவே வடியத் தொடங்கியது. அதை வீணாக்க மனமில்லாமல் ஒரு பேசினை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசின் அரைவாசி நிறைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

அப்போது அம்மா, "இருட்டுக்குள்ளை என்னெண்டு மேனை வேலை செய்யிறாய்?" என்று கேட்டபடி, கொளுத்திய லாம்போடு குசினிப் படியால் இறங்கி வந்தார். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதும், அது நிலத்தோடு ஊர்ந்து போகும் என்பதும் எனக்குத் தெரியும். லாம்போ அவருடைய முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "அங்கையே நில்லுங்கோ அம்மா" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. அவர் ஒரு கால் படியிலும் மற்றக் கால் மண்ணிலுமாக அப்படியே நின்றார். லாம்பைக் கீழே வைப்பதா, திரும்பிப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "லாம்பை மேலை தூக்கிக்கொண்டு மெதுவாய்ப் பின்னாலை போங்கோ" என்று சொன்னேன். அவர் குசினிக்குள் போய்ச் சேரும் வரைக்கும் என் பெருவிரல் குழாயின் வாயை அடைத்தபடி இருந்தது. பிறகு ஒரு பென்சில் துண்டைக் குழாய்க்குள் செருகிவிட்டு, மிச்ச வேலையை விடிந்த பின் செய்தேன். கார் இன்று வரை ஓடுகிறது.

சாவகச்சேரியிலிருந்து

தம்பி, உங்கள் அம்மா நின்ற நிலையை வாசித்தபோது எனக்கு எங்கள் அப்பாவின் ஒஸ்ரின் ஏ 40 நினைவுக்கு வந்தது. 1990 இற்குப் பிந்திய பெற்றோல் தடைக்காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. தொடக்குவதற்கு மட்டும் சூப்பிப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விடுவோம் என்பது அந்தக் காலத்தில் இங்கு வாழ்ந்த எல்லோருக்கும் தெரியும். பம்புக்குள் மேலும் கீழும் அசைந்து எரிபொருளை இழுக்கும் மெல்லிய டயபிரம் கிழிந்தபோது மாற்றுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா ஒரு பழைய மழைக்கோட்டை விரித்து, கிழிந்த டயபிரத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, சவர அலகால் இரண்டு வட்டங்களை வெட்டினார். போல்ற் போகும் துளைகளைக் காய்ச்சிய குடைக்கம்பியால் இட்டார். அந்த டயபிரம் ஏறத்தாழ மூன்று கிழமை உழைத்தது.

காலையில் எஞ்சின் எண்ணெய் பார்ப்பது என் வேலையாக இருந்தது. மூன்றாம் கிழமையில் எண்ணெய் அளக்கும் கம்பியில் எண்ணெய் நாளுக்கு நாள் ஏறியிருப்பதைக் கண்டேன். குறையவில்லையே, நல்லதுதானே என்று நினைத்து யாருக்கும் சொல்லாமல் விட்டேன். எஞ்சின் தட்டத் தொடங்கிய அன்று அப்பா கம்பியை இழுத்தார். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது; அவருடைய இரண்டு விரல்களுக்கு இடையில் தண்ணீரைப் போல் வழிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் கம்பியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தார். முழுவதும் மண்ணெண்ணெய் மணம். டயபிரம் கிழிந்து, மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் இறங்கி, பெயரிங்குகள் தேய்ந்துபோயிருந்தன. அவர் என்னை ஏசவில்லை என்பதுதான் எனக்கு இன்று வரைக்கும் ஆறாதது.

மானிப்பாயிலிருந்து

கொக்குவில் நண்பர் மன்னிக்க வேண்டும். அவர் எடுத்த முடிவு சரியென்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காபரேற்றர்ப் பக்கம் பெற்றோல் வரவில்லை என்றால் பம் பழுது என்று பொருளாகாது. தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தாலே போதும். பம் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். பெற்றோல் பில்ரர் அடைபட்டாலும், தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இதே குணங்குறிதான். முதலில் மூடியைத் திறந்துவிட்டு எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பம்பின் உள்வாயில் ஒரு புதிய குழாய்த் துண்டை மாட்டி, அதன் மறு முனையைச் சிறு போத்தல் பெற்றோலில் விட்டுப் பாருங்கள். அப்போதும் இழுக்காவிட்டால் மாத்திரம் பம்பில் கை வையுங்கள்.

கழற்றிய பிறகும் கவனம் வேண்டும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் தடித்த கட்டையை எறிந்துவிடுபவர்கள் உண்டு. அது எஞ்சினின் சூட்டைப் பம்புக்கு வரவிடாமல் தடுக்கிறது. பம்மை இயக்கும் நெம்புகோல் எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பதையும் அதன் தடிப்பே தீர்மானிக்கிறது. அது இல்லாமல் பூட்டினால் நெம்புகோல் முறியும், அல்லது பம்பின் காது வெடிக்கும். போல்ற்களை இறுக்கும்போது பம் மிகவும் எதிர்த்தால், எஞ்சினுக்குள் சுழலும் காம் அச்சின் மேடு நெம்புகோலை அழுத்துகிறது என்று அறிந்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பூட்டுங்கள். சாவகச்சேரி ஐயா சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன்: டயபிரம் கிழிந்த பம்மை மாற்றினால் எஞ்சின் எண்ணெயையும் அன்றே மாற்றுங்கள்.

எனக்கு நேர்ந்தது சிறிய விடயம். என் மொறிஸ் மைனரின் எஸ்யூ பம் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் டிக், டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஒருநாள் நல்லூரில் அது அடிக்கவேயில்லை. ஸ்பானரின் பிடியால் மெதுவாகத் தட்டியதும் உயிர் வந்தது. அதன் மின்தொடுகைப் பொயின்ற்களைத் துப்புரவாக்கினாலே போதுமாயிருந்தும், அவசரப்பட்டு வேறு வகை மின்பம் ஒன்றைப் பூட்டினேன். அது தள்ளிய அழுத்தத்தைக் காபரேற்றரின் ஊசியால் தடுக்க முடியாமல், பெற்றோல் வழிந்து சூடான குழாயின் மேல் சொட்டியது. பழைய பம்மையே திரும்பப் பூட்டினேன்.

திருநெல்வேலியிலிருந்து

இங்கு எழுதிய மூவரும் காபரேற்றர்க் கார் வைத்திருப்பவர்கள். என்னுடையது 110 கொறோலா. பம் தாங்கிக்குள் இருக்கிறது. காபரேற்றர்க் காரின் பம்மைவிடப் பத்து மடங்கு அளவு அழுத்தத்தில் பெற்றோல் குழாயில் நிற்கும் என்பதை அறியாமல், பின் ஆசனத்தைத் தூக்கிவிட்டு, இணைப்பைத் திருகினேன். ஒரு சீறல் கேட்டது; அடுத்த கணம் கண்கள் எரிந்தன. மனைவி கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகு பற்றரியையும் கழற்றியிருந்தால் இது நடந்திருக்காது.

கொக்குவிலிலிருந்து, மீண்டும்

மானிப்பாய் அண்ணர் எழுதியதை வாசித்த பின், கழற்றிய பழைய பம்மை பிஸ்கற் பேணிக்குள் இருந்து எடுத்தேன். வேலை செய்த அன்று, நுனியில் வெடித்திருந்த ரப்பர்க் குழாயையும் சேர்த்தே மாற்றியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்வாயை விரலால் பொத்திக்கொண்டு நெம்புகோலை அழுத்திப் பார்த்தேன். விரல் நுனியை அது இறுகப் பிடித்தது. முப்பது வரை எண்ணியும் விடவில்லை. பம்பில் ஒரு குறையும் இல்லை.

இதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.