நம்பர் அதேதான், உள்ளே இருப்பது வேறு: பழைய ஆம்ப் பட்ட பாடு

1970களில் வந்த ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று. இடது சானல் ஊமை, ஃப்யூஸ் போட்டால் போட்ட கையோடு போகிறது. 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் கோத்து ஆன் செய்தேன், பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றது, அதாவது உள்ளே எங்கோ ஷார்ட். அவுட்புட்டில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு 2என்3055 பவர் டிரான்சிஸ்டர், இரண்டுமே என்பிஎன் வகை (அந்தக் காலத்தில் அதற்கு எதிர் வகையான பிஎன்பி, நல்ல பவர் தாங்குவதாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் இந்த ஏற்பாடு). கழற்றி மீட்டர் வைத்தால் இரண்டிலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் ஷார்ட்.

இந்த நம்பர்தான் இன்றும் புதிதாக வருகிறதே என்று வாங்கிப் போட்டேன், மைக்கா ஷீட், பேஸ்ட் எல்லாம் புதிது. பல்பு ஒரு தடவை மின்னி மங்கியது. ஸ்பீக்கர் முனையில் டிசி 18 மில்லிவோல்ட், 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட், அதாவது சுமார் 30 மில்லிஆம்ப் பயாஸ் (பாட்டே இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்). சரி, வேலை முடிந்தது என்று பல்பை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டால், பத்து நிமிடத்தில் ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியவில்லை, அவுட்புட் பக்கத்தில் இருந்த 10 ஓம் ரெசிஸ்டர் கறுத்துப் புகைய ஆரம்பித்துவிட்டது.

காட்டிக்கொடுத்தது அந்த ரெசிஸ்டர்தான். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோடு சேர்ந்து கிரவுண்டுக்குப் போவது அது, பாட்டுக்கு அதில் பெரிதாகக் கரண்ட் ஓடாது, அது கருகுகிறது என்றால் காதுக்கு எட்டாத ஏதோ ஓடுகிறது. ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் பாட்டே போடாமல் 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆம்ப் தானாகவே ஆடிக்கொண்டிருக்கிறது! பழைய 2என்3055 ஹோமெடாக்ஸியல் என்ற பழைய தயாரிப்பு முறை, வேகம் 0.8 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். இப்போது வருவது எபிடாக்ஸியல் என்ற புது முறை, 2.5 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாது. மந்தமான டிரான்சிஸ்டரை நம்பிப் போட்ட சர்க்யூட்டில் வேகமானதைச் செருகிவிட்டேன். டிரைவருக்கு முந்தைய டிரான்சிஸ்டரின் கலெக்டர்-பேஸ் நடுவே இருந்த 33 பிகோஃபாரட்டை 68 ஆக்கி, பேஸ் காலில் ஒரு ஃபெரைட் மணியும் (அதிக அதிர்வெண்ணைத் தடுக்கும் சின்ன வளையம்) கோத்த பிறகுதான் அடங்கியது. ட்ரெபிள் குறைந்ததாக என் காதுக்குத் தெரியவில்லை.

*

எனக்கு உங்களைப்போல் ஆசிலேஷன் (தானாக ஆடுவது) எல்லாம் இல்லை சார், சுத்தமாக ஏமாந்தேன். உற்பத்தி நின்றுபோன 2எஸ்ஏ747, 2எஸ்சி1116 பவர் டிரான்சிஸ்டர் ஜோடி தேவைப்பட்டது. எங்கோ தேடி வாங்கினேன், எழுத்து பளபளவென்று இருந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சவுண்டைக் கொஞ்சம் ஏற்றியதும் டப்! மூடியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே மிளகை விடச் சின்னதாக ஒரு சிப், செத்துப்போன ஒரிஜினலில் இருந்தது அதைப்போல் பல மடங்கு. அப்புறம் பழைய நம்பரைத் தேடுவதையே விட்டுவிட்டு எம்ஜே15003, எம்ஜே15004 போட்டேன், இரண்டு சானலுக்கும் சேர்த்து. 140 வோல்ட், 20 ஆம்பியர் தாங்கும், என் ஆம்ப்புக்கு அது தாராளம்.

*

இரண்டு பேருமே பயாஸ் பிரிசெட்டை (பயாஸை அளந்து வைக்கும் திருகு ரெசிஸ்டர்) மாற்றினீர்களா? எனக்குப் புது ஜோடி இரண்டு தடவை போனதற்கு அதுதான் காரணம். உள்ளே கறுத்துப்போய் தொடர்பு விட்டு விட்டு வந்தது, விடும்போதெல்லாம் பயாஸ் உச்சத்துக்கு ஏறியிருக்கிறது.