ஷெல்டர்ல இருக்குற வளந்த நாயை எடுக்கலாமா? ஃப்ளாட்ல செட் ஆகுமா?

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை பொண்ண கூட்டிட்டு வேளச்சேரி ப்ளூ கிராஸ் போயிருந்தேன், சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் போனோம், அங்க ஒரு பழுப்பு கலர் பொட்ட நாய், லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த மாதிரி, மூணு நாலு வயசு இருக்கும்னாங்க, நேரா வந்து என் பொண்ணு கையில மூக்க வச்சுட்டு அப்படியே நின்னுச்சு. கருத்தடை, ரேபிஸ் ஊசி எல்லாம் ஆயிடுச்சாம். எனக்கு மனசு அங்கயே இருக்கு. ஆனா வீட்டுக்காரர் குட்டியா எடுத்தாதான் நம்மகிட்ட ஒட்டும்ங்கிறார், மாமியாருக்கு அது என்னென்ன பழக்கத்தோட வருமோன்னு பயம், போதாக்குறைக்கு அசோசியேஷன்ல ஒருத்தர் நாயே வளக்கக்கூடாதுன்னு ரூல் கொண்டு வரப்போறாராம். வளந்த நாயை எடுத்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

செல்லத்தின்அப்பா:
அக்கா, ஒட்டுமான்னு சந்தேகமே வேண்டாம், எங்க வீட்டு பையன் வளந்த அப்புறம்தான் வந்தான், இப்ப நான் பாத்ரூம் போனாலும் வாசல்ல உக்காந்திருப்பான். குட்டின்னா நாலு மாசம் வரைக்கும் ஊசி ஷெட்யூல், பார்வோங்கிற வைரஸ் நோய் பயம், கண்ட இடத்துல மூச்சா, செருப்பு கடி எல்லாம் உண்டு. பெருசுன்னா எவ்ளோ வளரும், என்ன குணம்னு கண்ணு முன்னாடியே தெரியும். ஆனா ஷெல்டர்ல வாலாட்டுன நாய் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கும், சாப்பிடாது, குக்கர் விசிலுக்கே நடுங்கும், அத பாத்து பயந்து திருப்பி விட்டுடாதீங்க. மூணு நாள்ல பயம் தெளியும், மூணு வாரத்துல வீட்டு டைம் புரியும், மூணு மாசத்துல நம்ம வீட்டு நாய் ஆயிடும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, சிலதுக்கு இன்னும் கூட ஆகும். வந்த உடனே சொந்தக்காரங்கள கூப்பிட்டு காட்டாதீங்க, குளிப்பாட்டாதீங்க, அங்க என்ன சாப்பாடு போட்டாங்களோ அதையே போட்டு மெதுவா மாத்துங்க. முக்கியமா காலர் மட்டும் நம்பாதீங்க, நெஞ்ச சுத்தி மாட்டுற ஹார்னெஸும் சேத்து போடுங்க, புது நாய் கேட்ல பட்டுனு தலைய உருவிட்டு ஓடிரும்.

வேப்பேரி வாலண்டியர்:
மேல சொன்னது எல்லாமே சரி. எடுக்குறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரும் போய் பாருங்க, மாமியாரும்தான், செயின் போட்டு கொஞ்ச தூரம் நடத்தி பாருங்க, சாப்பிடும்போது கிட்ட போனா உறுமுதா, பூனைய பாத்தா என்ன பண்ணுதுன்னு பாத்துக்குறவங்கள கேளுங்க, தினமும் கூட இருக்குறவங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு ப்ளட் டெஸ்ட் எடுத்துருங்க, நம்ம ஊர்ல உண்ணி காய்ச்சல் ரொம்ப சகஜம், வெளிய நல்லா ஓடியாடிட்டு இருக்கும் உள்ள ப்ளேட்லெட் குறைஞ்சிருக்கும், சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே சரி பண்ணிடலாம். தனியார் க்ளினிக் செலவு கட்டுப்படியாகலேன்னா வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போங்க, கூட்டம் இருக்கும், காலையிலயே போயிருங்க. ரேபிஸ் வருஷா வருஷம் போடணும், கூடவே எலிக்காய்ச்சலுக்கும் சேத்து போடுற ஊசிய கேட்டு வாங்குங்க, மழைக்காலத்துல தேங்குற தண்ணில எலி மூத்திரம் கலந்து அதுல இருந்துதான் பரவுது. ரேபிஸ் சர்டிஃபிகேட்ட பத்திரமா வைங்க, கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுக்க அது வேணும்.

மூணாவதுமாடி:
அசோசியேஷன் விஷயம் மட்டும் சொல்றேன். விலங்குகள் நல வாரியம் 2015லயே வழிகாட்டுதல் குடுத்துருக்கு, குடியிருக்குறவங்க பெரும்பான்மையா ஓட்டு போட்டாலும் நாய் வளக்க தடை போட முடியாது, லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னும் சொல்ல முடியாது. அத பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, ஆனா மொத நாளே தூக்கி காட்டி சண்டைக்கு போகாதீங்க. செயின் போட்டு கூட்டிட்டு போங்க, கக்கா போனா கையோட பேப்பர்ல அள்ளிடுங்க, பாதி பேர் அதுலயே அடங்கிருவாங்க.

மடிப்பாக்கம்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, வீட்டுக்காரருக்கு அப்படியே படிச்சு காட்டுனேன், சனிக்கிழமை மாமியாரையும் கூட்டிட்டு போய் பாக்கலாம்னு சொல்லிட்டார்!!

செல்லத்தின்அப்பா:
சூப்பர் அக்கா. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, பாட்டிங்க பாசத்துல சாம்பார் சாதம் பிசைஞ்சு வச்சிருவாங்க, வெங்காயம் நாய்க்கு ஆகவே ஆகாது, திராட்சையும் கூடாது, அத மட்டும் இப்பவே சொல்லி வச்சுருங்க.