புதுப்பிப்பு: கோலாலம்பூர் செந்தூல் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இலை உதிர்த்த ஃபிடில் லீஃப் செடி

ஹாலில் நிற்கும் ஆளுயர ஃபிடில் லீஃப் (பெரிய இலைகள் கொண்ட அத்தி இனத்துச் செடி) அடியிலிருந்து இலை உதிர்க்கிறது, ஓரமெல்லாம் பழுப்பு என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, இப்போது தேவலை. பலரும் ஏர்கான்தான் காரணம் என்று சொன்னீர்கள், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேர் கறுத்து, கூழாகி, ஒரே நாற்றம். அழுகியதை வெட்டிவிட்டு, சுங்கை பூலோ நர்சரியில் வாங்கிய பெர்லைட்டை (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் வெள்ளைத் துகள்) மண்ணில் தாராளமாகக் கலந்து நட்டேன். அப்புறம், மேல்மண் 5 செ.மீ. காய்ந்தால்தான் தண்ணீர். கிழக்கு ஜன்னலோரம், காலை வெயில். நுனியில் புது இலை விரிகிறது. உதிர்ந்த இடத்தில் இலை திரும்ப வராது, நுனியைக் கிள்ளினால் வேண்டுமானால் பக்கக் கிளை வரலாம், அதற்காக உரத்தைக் கொட்டாதீர்கள். பூனை இருக்கிறது என்று எழுதிய அக்கா, இந்தச் செடியை ஒடித்தால் வடியும் பால் பூனைக்கு ஆகாது, கிட்டே விடாதீர்கள்.