இணையவழி ஓவிய உரையாடல்: ஓவியம் பயிலாதவர் சேரலாமா?

நீலத்தாள் (கேள்வி):

கலைக்கூடம் ஒன்று பெரியவர்களுக்காக இணையவழியில் ஓவிய உரையாடல் நடத்துகிறது. ஒரு மணி நேர அமர்வில் ஓரிரு ஓவியங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, நெறியாளர் கேள்வி கேட்க, வந்திருப்பவர்கள் தங்கள் கண்ணில் படுவதைச் சொல்லிக்கொண்டே போவார்கள் என்று அறிவிப்பில் இருக்கிறது. சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு நிரம்ப இருக்கிறது. தயக்கமும் அதே அளவுக்கு இருக்கிறது. நான் ஓவியம் படித்ததில்லை. முன்பு வேறொரு கூடத்தின் அமர்வில் கலந்துகொண்டபோது நெறியாளரே முழு நேரமும் பேசினார். முடிவில் கேள்வி உண்டா என்று அவர் கேட்டபோது, தவறாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற அச்சத்தில் மைக்கைத் திறக்காமலே இருந்துவிட்டேன். ஓவியரைப் பற்றி முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டுமா? ஒரே படத்தை அரை மணி நேரம் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கும்? திரையில் பார்ப்பதை ஓவியம் பார்ப்பது என்று சொல்ல முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

சாளரவொளி:

நீங்கள் முன்பு கலந்துகொண்டது விரிவுரை. இப்போது அறிவித்திருப்பது உரையாடல். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம். இத்தகைய உரையாடல்கள் பலவற்றின் பின்னால் இருக்கும் முறையை, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை வழிநடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதில் கேள்விகள் மூன்றுதான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்னவெல்லாம் தென்படுகிறது? இவற்றுக்கு விடை சொல்ல முன்கூட்டியே படித்திருக்க வேண்டியதில்லை.

நான் இருந்த ஓர் அமர்வில், யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியத்தைக் காட்டினார்கள். அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று நெறியாளர் கேட்டார். வயிற்றைப் பார்த்துத்தான் என்றார் அவர். உடனே இன்னொருவர், அவள் இடக்கையால் கனத்த பச்சை உடையைத் திரட்டி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருப்பதைச் சுட்டினார். முதலில் சொன்னவர் தோற்றுப்போனதாக யாரும் நினைக்கவில்லை. அவர் சொல்லியிராவிட்டால் அந்தக் கையை நாங்கள் எவரும் பார்த்திருக்கவே மாட்டோம். பிறகு, பகல் வெளிச்சத்திலும் தொங்குவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிவது தெரிந்தது, கழற்றிப் போட்ட காலணிகள் தெரிந்தன, கடைசியாகப் பின்சுவரின் குவிந்த கண்ணாடியில் தம்பதியரின் முதுகும் வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிந்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஓவியர் தாம் அங்கே இருந்ததாக எழுதிவைத்திருப்பதை நெறியாளர் படித்துச் சொன்னபோது நாற்பது நிமிடங்கள் கழிந்திருந்தன, எங்களுக்கோ அப்போதுதான் தொடங்கியதுபோல் இருந்தது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுக்கப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் சராசரியாக 27 விநாடிகளே நின்றதாகக் கண்டார்கள். அரை மணி நேரத்துக்கு என்ன இருக்கும் என்ற உங்கள் ஐயம் அந்த 27 விநாடிப் பழக்கத்திலிருந்து வருவது என்றே நினைக்கிறேன்.

கோடும் நிறமும்:

திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நுணுக்கத்தைப் பார்க்கத் திரை மிக நல்லது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022இல் வெளியிட்ட ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியப் படம் 717 கிகாபிக்சல், அதாவது 71,700 கோடி படப்புள்ளிகள் கொண்டது. அருங்காட்சியகத்திலேயே நின்றாலும் தடுப்புக்கு அப்பாலிருந்து காண முடியாத நிறமித் துகள்களையும் வெடிப்புகளையும் அதில் காணலாம்.

ஆனால் திரை அளவை மறைத்துவிடும், இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். அதே அருங்காட்சியகத்திலுள்ள வெர்மீரின் ‘பால்காரி’ 45.5 சென்டிமீட்டர் உயரமும் 41 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறிய ஓவியம். ‘இரவுக் காவல்’ நாலரை மீட்டர் அகலமானது. மடிக்கணினியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நிற்கின்றன. ஒன்றின் அருகில் குனிந்து பார்க்கவும், மற்றதிலிருந்து பின்வாங்கி நிற்கவும் நம் உடலுக்கு நேர்கிற தேவை திரையின் முன் எழுவதில்லை. எனவே அமர்வுக்கு முன் ஓவியத்தின் அளவைக் கேட்டறிந்து, வெறும் சுவரில் நான்கு மூலைகளையும் காகித ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். உரையாடல் நடக்கும்போது அவ்வப்போது அந்தச் சுவரைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. நிறத்தைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாதீர்கள். அது திரைக்குத் திரை மாறும்.

வரிவடிவம்:

நான் இத்தகைய அமர்வுகளை நெறிப்படுத்துபவன். சாளரவொளி சொன்னதில் பெரும்பகுதி சரியானது. ஆயினும், பார்த்தால் மட்டும் போதும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் உள்ள வெர்மீரின் ‘திறந்த சாளரத்தருகே கடிதம் படிக்கும் பெண்’ ஓவியத்தில், அவளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரை அவளுடைய தனிமையின் அடையாளமாகவே பலர் உணர்ந்துவந்தார்கள். அந்தச் சுவருக்கு அடியில் காதல் தேவனின் படம் மறைந்திருப்பது 1979இல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்தது. அதை மூடியவர் வெர்மீர் அல்லர் என்பது பின்னர் ஆய்வகச் சோதனையில் உறுதியாகி, மேற்பூச்சு அகற்றப்பட்டு 2021இல் ஓவியம் புதிய தோற்றத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்திருந்தாலும் இது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே தகவலும் வேண்டும், நெறியாளர் அதைத் தரவும் வேண்டும்.

பதிவு செய்யுமுன் கலைக்கூடத்திடம் எத்தனை பேர் வருவார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் எல்லோரும் பேச இயலாது. இணையத்தில் இருவர் ஒருசேரப் பேசினால் இருவரின் குரலும் கேட்காது. பேசத் தயங்குபவர்கள் எழுத்தில் அனுப்புவதை நான் உரக்கப் படித்து உரையாடலில் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த வசதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலத்தாள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கலைக்கூடத்துக்கு எழுதிக் கேட்டேன். பத்துப் பேர் மட்டுமே என்றும், எழுத்திலும் கருத்து அனுப்பலாம் என்றும் பதில் வந்தது, பதிவு செய்துவிட்டேன். வரிவடிவத்திடம் ஒன்று கேட்க வேண்டும்: தகவலை எப்போது தருவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

வரிவடிவம்:

குழு தானாக ஒரு கேள்விக்கு வந்து சேரும்வரை காத்திருப்பேன். அந்தச் சுவர் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று யாராவது கேட்ட பிறகுதான் மேற்பூச்சைப் பற்றிச் சொல்வேன்; அதற்கு முன் சொன்னால் எல்லோரும் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.