மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் வழியாக வைரஸ் தொற்று வருமா?

கேள்வி:
டயாலிசிஸில் இருக்கும் என் அண்ணன், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார். கொடையாளரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள் என்பதை அறிவோம். ஆனால் ரேபிஸ்கூட உறுப்பு வழியாகப் பரவியிருக்கிறது என்று படித்ததிலிருந்து அண்ணி கலங்கிப்போயிருக்கிறார். அது உண்மையா? மருத்துவரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

முதல் பதில்:
உண்மைதான், ஆனால் மிக அரிது. 2004இல் அமெரிக்காவின் டெக்சஸில், வௌவால் கடித்திருந்த ஒருவரின் கல்லீரலையும் சிறுநீரகங்களையும் பெற்ற மூவரும், அவருடைய ரத்தக்குழாய்த் துண்டு பொருத்தப்பட்ட இன்னொருவரும் ரேபிஸால் இறந்தனர். 2005இல் ஜெர்மனியில் தெரியவந்த நிகழ்வில், கொடையாளரான பெண் இந்தியாவுக்கு வந்திருந்தபோது தொற்றுக்கு ஆளானவர். அவருடைய உறுப்புகளைப் பெற்றவர்களில் மூவர் இறந்தனர். கல்லீரல் பெற்றவர் மட்டும், முன்னரே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்ததால் பிழைத்தார். ரேபிஸ் வழக்கமான பரிசோதனைகளில் இடம்பெறுவதில்லை என்பதால், கொடையாளரின் மூளை பாதிக்கப்பட்டதற்கான காரணம் உறுதியாகத் தெரியுமா என்று கேளுங்கள்.

இரண்டாம் பதில்:
நான் சிறுநீரக மாற்றுப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நாங்கள் அன்றாடம் கவலைப்படுவது ரேபிஸைப் பற்றியல்ல, சைட்டோமெகலோ வைரஸைப் பற்றித்தான். நம் நாட்டில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் அது அடங்கிக் கிடக்கிறது. கொடையாளரின் உடலில் அது இருந்து, பெறுபவரை அதுவரை அது தொற்றாமல் இருந்தால்தான் ஆபத்து மிக அதிகம். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம் வரை வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தரப்படுகிறது. அந்த மாத்திரையே வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன நாளில் தவறாமல் வர வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது இந்த வைரஸின் வேலையாக இருக்கலாம்; மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொண்டு தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

அண்ணனின் சைட்டோமெகலோ ஐ.ஜி.ஜி. (அந்த வைரஸ் முன்பே தொற்றியிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குப் பிந்தைய எதிர்ப்பணு அளவு ஆகிய இரண்டையும் இப்போதே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மூன்றாம் பதில்:
எங்கள் தந்தையின் உறுப்புகளைத் தானம் செய்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம், அண்மையில் நாய் கடித்ததா, ரத்தம் ஏற்றினார்களா, வெளியூர் சென்றுவந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த நேரத்தில் அக்கேள்விகள் எங்களுக்குப் பெரும் வேதனையாக இருந்தன. ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் சில நாள்களில் எச்.ஐ.வி.யைக்கூட ரத்தப் பரிசோதனை தவறவிடக்கூடும். அந்த இடைவெளியில் குடும்பத்தினர் மறைக்காமல் சொல்வதே, உறுப்பைப் பெறப்போகும் முகம் தெரியாத நோயாளிக்குப் பாதுகாப்பு. உங்கள் அண்ணனின் மருத்துவமனையிலும் அந்த விசாரணை நடக்கிறதா என்று அண்ணி தயங்காமல் கேட்கலாம்.